ஒதீலியா விழாத தடங்கள்

எங்கள் பூங்காவின் வரைபடத்தில் என் பெயர் ஏழு இடத்தில் அச்சாகியிருக்கிறது. வெண்டலின் முழங்கை, வெண்டலின் விலா, வெண்டலின் இன்னொரு விலா, வெண்டலின் மோவாய் என்று அது போகும். ஏழாவது உறுப்பை நாலு பேர் நடுவில் சொல்ல முடியாது. பூங்கா அலுவலகம் கொஞ்சமும் வெட்கமில்லாமல் அதையும் பலகையில் எழுதி நட்டிருக்கிறது. வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மெக்ஸிகோ எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் ஊர் சோடாலில் இதுதான் முறை. மலைச் சைக்கிளுக்குப் புதிதாக ஒரு தடம் வெட்டினால், அதில் முதலில் விழுகிறவரின் பெயரும் அடிபட்ட இடமும் சேர்ந்து அந்தத் தடத்தின் பெயராகிவிடும். இதை யார் தொடங்கியது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். தொடங்கியது நான்தான். முதல் தடத்தின் முதல் வளைவிலேயே விழுந்து, ஊருக்குப் போக இரண்டு மணி நேரம் நொண்டியவனுக்கு வேறென்ன ஆறுதல் இருக்கிறது?

பிறகு ஆட்கள் பெயருக்கு அலைய ஆரம்பித்தார்கள். ஆஸ்டினிலிருந்து வந்த ஒருவன், கட்டிலில் படுப்பது போலச் சைக்கிளைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு மண்ணில் மெல்லப் படுத்துக்கொண்டு, தான் விழுந்துவிட்டதாகக் கூப்பாடு போட்டான். அன்றைக்குத்தான் மார்லிஸ் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி மூன்று விதிகள் எழுதினாள். சைக்கிள் தரையில் கிடக்க வேண்டும். ரத்தம் வந்திருக்க வேண்டும். வேண்டுமென்று விழுந்தால் செல்லாது. இது போக, அவள் நேரில் வந்து பார்க்கும்வரை யாரும் எதையும் நகர்த்தக்கூடாது. மார்லிஸ் ஓய்வுபெற்ற பல் டாக்டர். 'மார்லிஸின் முன்பல்' என்ற தடம் அவளுடையது. அதற்குச் சிரித்த சிரிப்பை நாங்கள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

இந்த முறையில் ஓர் அநியாயம் இருப்பதை நான் பத்து வருடம் கவனிக்கவே இல்லை. பெயர் முழுக்க விழுகிறவர்களுக்குத்தான். விழாதவர்களுக்கு ஒன்றும் கிடையாது. எங்கள் ஊரில் விழாத ஆள் ஒருத்திதான். அவள் பெயர் ஒதீலியா.

ஒதீலியாவுக்கு அறுபத்து மூன்று வயது. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள், போக ஐம்பது மைல், வர ஐம்பது மைல், பாதிக்கு மேல் சரளைக்கல் சாலை. சனி ஞாயிறு ஆனால் இரும்பு வாரியையும் கடப்பாரையையும் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள். பதினோரு வருடத்தில் வெட்டிய பதினான்கு தடங்களில் ஒன்பது அவள் கோடு போட்டது. காட்டுக் கழுதைகள் போன வழியைப் பார்த்துத்தான் கோடு போடுவாள். கழுதை சோம்பேறி, அது ஏற்றத்தை நேராக ஏறவே ஏறாது என்பாள். அவள் போட்ட வளைவில் அரைப் பெடல் கூட வீணாகாது. நாங்கள் எல்லாம் அவள் போட்ட தடத்தில் வரிசையாக விழுந்து, எங்கள் பெயரை வைத்துக்கொண்டோம்.

அவள் மகளுக்கு நான் ஞானத்தகப்பன். அதனால் எங்கள் எல்லைப்பக்க வழக்கப்படி அவள் என்னைக் 'கொம்பாத்ரே' என்பாள், நான் அவளைக் 'கொமாத்ரே' என்பேன், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நீங்க, வாங்க என்றுதான் பேசிக்கொள்வோம். கோபம் வந்தால் மட்டும் அவள் வாயில் 'நீ' வரும்.

போன ஜனவரியில் ஒருநாள் தபால் எடுக்கப் போனேன். தபால் நிலையத்துச் சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தின் முன்னால் ஒதீலியா தனியாக நின்றிருந்தாள். விரலை வைத்துத் தடம் தடமாகப் போய், ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கொமாத்ரே, வழி மறந்துபோச்சா?"

"எழுத்துப் பிழை இருக்கான்னு பாக்கறேன்," என்று விரலை எடுத்துக்கொண்டாள்.

வருடக்கணக்காக அவளைக் கிண்டல் செய்திருக்கிறோம். உன் பெயரை எங்கேதான் வைப்பது, ஒரு தடவையாவது விழுந்து தொலையேன் என்று. எனக்கு வேண்டாம் அந்தப் பெருமை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பாள். அதை நாங்கள் அப்படியே நம்பினோம். அன்றைக்கு அவள் விரலைப் பார்த்த பிறகு என் ஏழு பலகைகளையும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் இரண்டு செய்தி சேர்ந்து வந்தது. ஒதீலியாவின் இரண்டு முழங்காலையும் மாற்ற வேண்டும், மார்ச்சில் எல் பாஸோவில் அறுவை சிகிச்சை, அதன் பிறகு பாறையில் சைக்கிள் கிடையாது, தோட்டத்தைச் சுற்றி நடந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது முதல் செய்தி. இரண்டாவதைக் கொண்டுவந்தவன் பூங்காக் காவலன் ப்ரிடி. புதிய வரைபடம் அச்சுக்குப் போகிறது, ஒதீலியா வெட்டிக்கொண்டிருக்கும் பதினைந்தாவது தடத்துக்குத் திங்கட்கிழமைக்குள் பெயர் வேண்டும் என்றான். அதற்கு அடுத்தது அச்சாக இன்னும் ஒன்பது வருடம் ஆகும் என்றும் சொன்னான். அடுத்தது வரும்போது எங்களில் பாதிப் பேர் சைக்கிளில் இருக்க மாட்டோம்.

ஆக, ஒதீலியாவின் பெயர் காகிதத்தில் ஏற வேண்டுமென்றால் இந்த ஒரு தடம்தான் மிச்சம். சனிக்கிழமை காலை திறப்பு.

வெள்ளிக்கிழமை மதியம் என் சைக்கிள் கடையில் ஆறு பேர் கூடினோம். அவளுக்குத் தெரியாமல் கூடிய கூட்டம். பீன்ஸ் பரீத்தோவைத் தின்றுகொண்டே மார்லிஸ் விஷயத்துக்கு வந்தாள்.

"நாளைக்கு அவளுக்கு முன்னாடி யாரும் விழக்கூடாது. அவ்வளவுதான். சுலபம்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"வெண்டல், நீ வீட்லயே இரு," என்றாள் மார்லிஸ்.

"ஏன், நான் என்ன பண்ணேன்?"

"இன்னும் பண்ணல. அதனாலதான் இப்பவே சொல்றேன்."

"அவ என் கொமாத்ரே. நான் வராம திறப்பா?"

"அப்போ சைக்கிள்ல ஏறாத. உருட்டிட்டு வா."

ஐம்பத்தெட்டு வயதில், சொந்தக் கடையில் நின்றுகொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவதாக வாக்குக் கொடுத்தேன். ஒதீலியாவே விழாமல் போனால் என்ன செய்வது என்று ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பதினோரு வருடமாக விழாதவள் நாளைக்கு மட்டும் எப்படி விழுவாள்? விழாமல் இருப்பது எப்படி என்பதிலேயே எங்கள் மூளை முழுவதும் செலவாகிப்போனது.

சனிக்கிழமை காலை நல்ல குளிர். ஒதீலியா பஸ் ஓட்டும்போது போடும் அதே மஞ்சள் கையுறையைப் போட்டுக்கொண்டு முன்னால் போனாள். தடம் நாலு மைல். முதலில் மேட்டின் முதுகோடு போய், பிறகு காய்ந்த ஓடைக்குள் இறங்கி, ஆறு தெரியும் பாறையில் முடியும். பின்னால் எங்களில் ஐந்து பேர் சைக்கிளில், அதற்கும் பின்னால் நான் உருட்டிக்கொண்டு, எனக்குப் பின்னால் ப்ரிடி ஒரு அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு நடந்து வந்தான்.

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். வேகமாகப் போனால் சைக்கிள் தானாக நிமிர்ந்து நிற்கும், மெதுவாகப் போனால்தான் ஆடும். இது மார்லிஸுக்கும் தெரியும். தெரிந்தும் அவர்கள் ஐந்து பேரும் நத்தை வேகத்தில் போனார்கள். ஹாண்டில்பார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட, இரண்டு தடவை மார்லிஸ் சப்பாத்திக்கள்ளிப் புதரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். ஒருவர் கல்லைப் பார்த்ததும் இறங்கி, கல்லைத் தாண்டி நடந்து, மறுபடி ஏறினார். முன்னால் போன ஒதீலியா ஒரு மைலில் நின்றுவிட்டாள். நாங்கள் வந்து சேர வெகு நேரம் ஆயிற்று.

"யாராவது செத்துட்டாங்களா?" என்றாள். "ஊர்வலம் மாதிரி வர்றீங்க."

மார்லிஸுக்குப் பொய் சொல்ல வராது. பல் பிடுங்கும்போது வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற டாக்டர் அவள்.

"உனக்காகத்தான், ஒதீலியா."

"எனக்காக என்ன?"

"உனக்கு முன்னாடி யாரும் விழுந்துடக் கூடாதுன்னு."

ஒதீலியா எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

"ஓ. நான் விழணும்னு ஆறு பேர் பின்னாடியே வர்றீங்க."

"அப்படிச் சொல்லாத..."

"வேற எப்படிச் சொல்றது? என் முட்டி போகப்போகுது, அதுக்குள்ள ஒரு தடவ மண்ணக் கவ்விட்டா பாவம் அவ பேரையும் எழுதிடலாம். அதானே?" அவள் என் பக்கம் திரும்பினாள். "கொம்பாத்ரே, நீங்க எதுக்கு உருட்டிட்டு வர்றீங்க?"

"வாக்குக் குடுத்துட்டேன், கொமாத்ரே."

"நான் வெட்டின தடத்துல சைக்கிள ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்துட்டு வர்றீங்க. இதவிட என்னைக் கேவலப்படுத்த முடியாது."

சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தாள். ஓடையில் இறங்கும் சரிவில் அவள் போன போக்கை வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியாது. பிரேக் சத்தமே இல்லை. முதுகு மட்டும் வளைவுக்கு வளைவு சாய்ந்து நிமிர்ந்தது, பிறகு மறைந்துவிட்டது.

எனக்கு மானம் போனது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது, அதுவும் உடனே. நடந்து போய்க் கேட்டால் அது மன்னிப்பு ஆகாது. பின்னாலிருந்து மார்லிஸ் "வெண்டல், ஏறாத" என்று கத்தியது காதில் விழுந்தது. ஏறிவிட்டேன்.

முதல் வளைவில் நன்றாகப் போனேன். இரண்டாவது அதைவிட நன்றாக வந்தது. அந்தத் தடம் அப்படி. நம்மைக் கெட்டிக்காரன் என்று நம்பவைக்கிறது. மூன்றாவது வளைவில் நான் என்னை மெச்சிக்கொண்டிருந்தபோது முன்சக்கரம் ஒரு கல்லில் முட்டி நின்றது. சைக்கிள் நின்ற இடத்தில் நான் நிற்கவில்லை.

விழுந்தது லெச்சுகியாவில். கத்தி கத்தியாக நிமிர்ந்து நிற்கும் குட்டைக் கற்றாழை அது. குதிரையின் காலையே பதம் பார்க்கும். நான் அதில் பின்பக்கமாக, முழு எடையோடு உட்கார்ந்திருந்தேன். போட்ட சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்ஸிகோவில் கேட்டிருக்கும்.

அதற்கப்புறம்தான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைத்தது. தடத்தின் முதல் விழுகை. எட்டாவது பலகை. கடைசித் தடத்தையும் அவளிடமிருந்து நானே பிடுங்கிக்கொண்டேன். முள்ளைவிட அது அதிகமாக வலித்தது.

சத்தம் கேட்டு ஒதீலியா சரிவில் திரும்பி ஏறி வந்தாள். என்னைப் பார்த்ததும் சைக்கிளை விட்டெறிந்தாள். அவள் சைக்கிளை எனக்குத் தெரியும். சுவரில் சாய்ப்பதென்றால் நடுவில் துணி வைத்துச் சாய்ப்பாள். அது தடத்தில் படாரென்று விழுந்து சரிந்தது. என் கடையின் இரண்டு படியை ஏற என் தோளைப் பிடித்துக்கொள்கிறவள், சரளைக்கல்லில் ஓடி வந்தாள்.

"எங்க குத்தியிருக்கு?"

"எங்க குத்தலன்னு கேளுங்க."

"விழுந்துட்டீங்களா, கொம்பாத்ரே?"

"விழல. உக்காந்திருக்கேன்."

"லெச்சுகியா மேலயா?"

"கொஞ்சம் இளைப்பாறலாம்னு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்துபோயிற்று.

"பொய் சொல்லாத. விழுந்துட்ட. நான் வெட்டின தடத்துல நீதான் முதல்ல விழுந்த. உண்மையச் சொல்லிட்டுப் பேர வாங்கிக்க."

"என் வாயால அது வராது, கொமாத்ரே."

"எனக்குப் பிச்சை போடறியா நீ?"

"ஏழு பலகை வச்சிருக்கேன். எனக்கே வெக்கமா இருக்கு. தூக்கி விடுங்க முதல்ல."

என் இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். நான் நூறு கிலோ. முதலில் அசையவே இல்லை. இரண்டாவது தடவை அவள் முழு பலத்தோடு பின்னால் சாய்ந்து இழுத்தபோது கற்றாழை ஒரேயடியாக என்னை விட்டது. நான் விடுபட்டேன், அவள் பின்பக்கமாகப் போய்ச் சரளையில் தொம்மென்று விழுந்தாள். கையை ஊன்றிய இடத்தில் ஓர் உடைந்த கல். மஞ்சள் கையுறையின் கட்டைவிரல் கிழிந்து, ரத்தம் வந்து மணலில் சொட்டியது.

அந்த நேரத்தில்தான் மார்லிஸ் வளைவில் வந்து நின்றாள். பின்னாலேயே மற்றவர்களும் ப்ரிடியும்.

"யாரும் எதையும் தொடாதீங்க," என்றாள்.

"டாக்டர், இவர் விழுந்துட்டாரு," என்றாள் ஒதீலியா உட்கார்ந்தபடியே. "நான் சாட்சி. எழுதிக்குங்க."

"விழல," என்றேன் நான்.

மார்லிஸ் என் பின்பக்கத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். "ரத்தம் இருக்கு," என்றாள். பிறகு என் சைக்கிளைத் தேடினாள். அது தடத்தின் ஓரத்தில், பிரம்புக் கட்டு போல நிற்கும் ஒகோடியோப் புதருக்குள் சொருகிக்கொண்டு, இரண்டு சக்கரத்திலும் நிமிர்ந்து நின்றிருந்தது. கடையில் விற்பனைக்கு நிறுத்தி வைத்தாற்போல இருந்தது. அதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். புத்தகத்தைத் திறந்தாள், மூடினாள்.

"சைக்கிள் தரையில கிடக்கல. அதனால வெண்டல் விழல."

"என்ன டாக்டர் இது?" என்றாள் ஒதீலியா. "பின்னாடி பூரா முள்ளோட நிக்கறாரு."

"முள்ளப் பத்தி விதி இல்ல." மார்லிஸ் நாலு அடி நடந்து ஒதீலியாவின் சைக்கிளிடம் குனிந்தாள். ஹாண்டில்பாரின் ஒரு முனை மண்ணில் புதைந்திருந்தது. வண்ணம் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்திருந்தது. "இது தரையில கிடக்கு. நீ வச்சியா, போட்டியா?"

"போட்டேன். இவர் அலறினாரு."

"இப்ப மண்ணுல உக்காந்திருக்கியே, வேணும்னு விழுந்தியா?"

"எவளாவது வேணும்னு இப்படி விழுவாளா? இவர் எடை அப்படி."

"கைய காட்டு."

ஒதீலியா கையை நீட்டினாள். பிறகுதான் விஷயம் எங்கே போகிறது என்று அவளுக்குப் பிடிபட்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் சைக்கிள்லயே இல்ல. நின்னுட்டிருந்தேன். அது விழுகையே இல்ல."

"சைக்கிள் கிடக்கணும், ரத்தம் வரணும், வேணும்னு விழக்கூடாது. மூணும் இருக்கு. மேல உக்காந்திருக்கணும்னு நான் எழுதல. பதினோரு வருஷமா யாருக்கும் அது தோணல." மார்லிஸ் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தாள். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் குரல் மாறியிருந்தது. "இந்தத் தடத்துல முதல்ல விழுந்தது நீதான். ஆனா ஒண்ணு. இத எழுதிட்டா, ஒதீலியா விழுந்ததே இல்லன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது. அதையும் யோசி. வேண்டாம்னா அடிச்சுடறேன்."

எனக்குப் பின்பக்கம் எரிந்துகொண்டிருந்தது, ஆனால் நான் அசையவில்லை. விழாத ஒருத்தி என்ற பேர் அவளுக்கு எங்கள் வட்டாரத்தில் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அவளை முந்த வேண்டும் என்று ஆயிரம் மைல் தாண்டி வந்தவர்கள் எல்லாம் அவளுக்குப் பின்னால் விழுந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவளை நன்றாகத் தெரிந்தவன் நான் என்பது என் நினைப்பு.

ஒதீலியா கிழிந்த கையுறையைக் கழற்றிப் பார்த்தாள். மார்லிஸின் பேனா காகிதத்தின் மேல் காத்திருந்தது.

"அடிக்காதீங்க," என்றாள்.

"நிச்சயமாவா?"

"வேண்டாம் வேண்டாம்னு சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு, டாக்டர். முதல் பலகை நட்ட நாள்லேருந்து எனக்கு வேணும்னுதான் இருந்துச்சு. கேக்கத்தான் வாய் வரல." அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், முட்டி வரவில்லை, அப்படியே உட்கார்ந்துகொண்டாள். "ப்ரிடி, நீ எழுதிட்டியா?"

ப்ரிடி அட்டையைத் தூக்கிக் காட்டினான்.

"படி."

"ஒதீலியாவின் கட்டைவிரல்," என்று படித்தான்.

அவள் ஆறு இருக்கும் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்குவது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவரும் அவள் பக்கத்தில் போகவில்லை.

"இன்னொரு தடவ படி," என்றாள்.

ப்ரிடி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இந்த முறை மெதுவாகப் படித்தான்.